மூன்றாவது வளையம்: வடக்கில் சூரிய கிரகணம் பார்க்கத் தனியே புறப்படுபவர்களுக்கு

2031 மே 21, புதன்கிழமை. அன்று பகல் ஒரு மணியைத் தாண்டி யாழ்ப்பாண வானத்தில் சூரியனின் நடுப்பகுதி கறுத்து, விளிம்பு மட்டும் வளையமாக எரியும். கொச்சி, மதுரைப் பக்கமாக வரும் நிழற்பாதை பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கையின் வடக்கால் செல்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்குக் கடித்த பிஸ்கட் போன்ற பகுதிக் கிரகணம்தான் கிடைக்கும்.

ஓரிடத்தில் வளைய கிரகணம் தெரிந்தால், அடுத்தது அங்கு வரச் சராசரியாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யாழ்ப்பாணத்துக்கோ 2010, 2019, 2031 என்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று. ஆனால் முதல் இரண்டையும் தங்கள் தலைக்கு மேலேயே நடந்தும் பார்க்காதவர்கள் வன்னியில் நிறையப் பேர்.

2010 ஜனவரி 15 பட்டிப்பொங்கல் நாள், தை அமாவாசையும் கூட. அந்தக் கிரகணத்தின் வளையம் இந்து சமுத்திரத்தின் மேல் 11 நிமிடம் 8 செக்கன் நீடித்தது. இந்த ஆயிரமாண்டில் அதைவிட நீண்ட வளைய கிரகணம் இல்லை. வடக்கிலும் பத்து நிமிடமளவில் வளையம் நின்றது. போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வன்னி மக்கள் ஆயிரக்கணக்கில் செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். பல ஊர்களில் கண்ணிவெடி அகற்றலே முடியவில்லை. அந்த நிழல் ஆளில்லாத வயல்களுக்கு மேலால்தான் போனது.

இரண்டாவது, 2019 டிசம்பர் 26. சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம். ஏறத்தாழப் பத்து நிமிடம் கழித்து வடக்கு வானத்தில் வளையம். இந்த முறை மக்கள் ஊரில் இருந்தார்கள், ஆனால் வீட்டுக்குள்.

அன்று நான் யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன். நாவற்குழியால் திரும்பி, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, முழங்காவில் என்று மன்னார் வீதியில் தெற்கே. யாழ்ப்பாணமும் பாதைக்குள்தான் இருந்தது. ஆனாலும் பாதையின் நடுக்கோட்டை நெருங்க நெருங்க வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாகத் தெரியும், நிற்கும் நேரமும் கூடும். அதற்காகத்தான் அந்த ஓட்டம். முழங்காவிலுக்கு அப்பால் வெளி திறந்து கிடந்தது. வீதியோர வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வளவில் நின்ற சிறுவனை அம்மம்மா கூப்பிட்டார்: "பிள்ளை, வெளியில நிக்காதை, கிரகணம் தீண்டிப்போடும்." அவனோ கிடுகு வேலியின் கீழ் மண்ணில் கிடந்த பிறைகளைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான். கிடுகின் ஒவ்வொரு சிறு துவாரமும் ஒரு சூரியப் படத்தை நிலத்தில் விழுத்தியிருந்தது. நான் சொன்னதும் அம்மம்மாவும் வந்து குனிந்து பார்த்தார். வானத்தை மட்டும் பார்க்கவே இல்லை. கண்ணாடி இல்லாதவருக்கு அது சரியான முடிவுதான்.

சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு அகலம். 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரனின் பாதை நீள்வட்டம். அது எட்டப் போயிருக்கும் நாளில் கிரகணம் நேர்ந்தால் சூரியனை முழுதாக மூட முடியாது, விளிம்பு எஞ்சும். 2010இல் சூரிய வட்டத்தில் 84 வீதமளவே மறைந்ததால் வளையம் தடித்திருந்தது. 2019இல் 90 வீதத்துக்கு மேல் மறைந்து மெல்லிய வளையல் போலானது. அப்போதும் இருட்டாகவில்லை. வெயில் வெளிறி, நிழல்கள் கூர்மையாகி, காற்று சற்றுக் குளிரும், அவ்வளவே.

ஆகவே வளைய கிரகணத்தில் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செக்கன்கூட இல்லை. விழித்திரைக்கு நோவு தெரியாது. கருகியது சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையில் தெரியவரும். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே படச்சுருள், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் உதவாது. இவை ஒன்றும் கிடைக்காவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இடியப்ப உரலின் அச்சை வெயிலில் பிடித்து, நிலத்தைப் பாருங்கள். துளைக்கொரு வளையம் விழும். கிரகண நேரத்தில் சமைத்த சோறு நஞ்சாகும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. இந்தப் பயங்களில் கண்ணைப் பற்றியது மட்டுமே உண்மை. ஆனால் நம் வீடுகளில் சோற்றுப் பானைக்குக் கிடைக்கும் கவனம் கண்ணுக்குக் கிடைப்பதில்லை.

தனியாகப் போவதில் ஒரு வசதி, முகில் வந்தால் யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பலாம். 1955 ஜூன் 20 பூரண கிரகணம் இருபதாம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது. பொலன்னறுவைப் பகுதிக்கு மேலால் போனது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பாரமான கருவிகளுடன் வந்து காத்திருந்தார்கள். முகில் மறைத்துவிட்டது, கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. டிசம்பர் வடக்கில் மாரி என்பதால் 2019இலும் முகிலோடுதான் போராட்டம். மே மாதத்தில் அந்தத் தொல்லை குறைவு, வெக்கைதான் கூட.

2031இல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். நின்றபடி பார்த்தால் கழுத்து நோகும்; பாய் ஒன்றைக் கொண்டுபோய்ப் படுத்துப் பாருங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, பெற்றோலை நகரத்திலேயே நிரப்புங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். வன்னி வீதிகளில் மாடுகள் குறுக்கே நிற்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு இறங்க வேண்டாம். நிற்பதற்குப் பாடசாலை மைதானம் அல்லது கோவில் வெளி போதும்.

அப்படியொரு மைதானத்தில் நிற்பவர்கள் இரண்டு மூன்று கண்ணாடிகள் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. வளையம் ஐந்து நிமிடம் அளவில் நிற்கும், பகுதிக் கிரகணம் அதற்கு முன்னும் பின்னுமாக மணிக்கணக்கில் நீளும். அதற்குள் ஒரு கண்ணாடி பல கைகள் மாறும்.