கொச்சிக்காய், கோதுமை மா, ஒரு கொரியன் மெனு

கொழும்பில் இருக்கிற சின்ன கொரியன் கடை ஒன்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சிவப்பு நிறம்தான். கிம்ச்சி சிவப்பு, தொக்போக்கி சிவப்பு, பொரித்த கோழிக்கு மேல் பூசின சாந்தும் சிவப்பு. ஆறேழு மேசை, உலோகக் குச்சி, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. ஓர்டர் கொடுத்த கையோடு நாலைந்து சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஏதாவது வந்துவிடும். அதுக்குக் காசு இல்லை. மாத்தளையிலிருந்து பஸ் ஏறிப் போய் இதைச் சாப்பிடுற அளவுக்கு நம்ம செட்டுக்குள் கொரியன் நாடகப் பைத்தியம் முத்திப்போயிருக்கு.

சாப்பிட்டு வந்தவங்ககிட்ட கேட்டா ஒரே பதில்தான்: "ஆயிரம் வருசத்துப் பாரம்பரியச் சாப்பாடு மச்சான்." எங்களுக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. அந்த மெனுவை ஒரு வரலாற்றுப் புத்தகம் மாதிரி வாசித்துப் பார்த்தோம். அதில் பாதிச் சாப்பாட்டுக்கு நம்ம பாட்டிமாரின் வயதுதான். அதைச் செய்தது அரண்மனை இல்லை. யுத்தமும் பசியும் வெளிநாட்டு மாவும்தான். அதே யுத்தமும் அதே மாதிரி மாவும் நம்ம லயத்துக் குசினிக்குள்ளும் வந்திருக்கு.

ஜாங் கும் ருசி பார்க்காத உறைப்பு

'சுஜாத தியணி' என்ற பெயரில் ரூபவாஹினியில் சிங்களத்தில் ஓடின நாடகம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அரண்மனைச் சமையல்காரியாக இருந்து வைத்தியராகிற ஜாங் கும்மின் கதை. அது நடப்பது அரசன் ஜுங்ஜொங் காலத்தில், அதாவது 1506க்கும் 1544க்கும் இடையில். அந்தக் காலத்துக் கொரியச் சமையலில் கொச்சிக்காயே கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயக் கப்பல்கள்தான் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. 1614இல் யி சு-குவாங் என்ற கொரிய அறிஞர் அதைப் பற்றி எழுதும்போது, ஜப்பானிலிருந்து வந்த பொருள் என்றும், நஞ்சு உள்ளது என்றும்தான் எழுதினார். அதற்கு முன் கிம்ச்சி என்றால் உப்பில் ஊறிய மரக்கறி. இன்றைக்கு நாம் பார்க்கிற சிவப்பு அதற்குப் பிறகு வந்தது.

நம்ம கதையும் இதேதான். மாத்தளை மிளகுக்குப் பேர்போன மாவட்டம். மிளகாய் வருமுன் இந்தத் தீவில் உறைப்பு என்றால் மிளகுதான். புதுக் காய் வந்ததும் தமிழில் மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று 'மிளகாய்' ஆனது. சிங்களத்தில் 'மிரிஸ்' என்ற மிளகின் பெயரையே புதுக் காய் பிடுங்கிக்கொண்டது. பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிளகு, என்று ஒதுங்கிப் போனது. கொரியமொழியிலும் மிளகு 'ஹுச்சு', மிளகாய் 'கொச்சு'. மூன்று மொழியும் புது விருந்தாளிக்குப் பழைய உறவுக்காரரின் பெயரையே வைத்திருக்கு. 'கொச்சு'வும் நம்ம 'கொச்சி'யும் ஒன்றா என்று கேட்கவேண்டாம். நம்மது கொச்சித் துறைமுகத்தின் பெயரால் வந்தது என்பார்கள். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ராணி கதை வேண்டாம், அரிசிக் கதை சொல்வோம்

தமிழுக்கும் கொரியாவுக்கும் தொடர்பு என்றதும் நம்ம பொடியன்கள் இரண்டு விசயம் எடுத்துப் போடுவார்கள். ஒன்று, அங்கேயும் 'அம்மா', 'அப்பா' மாதிரியே சொல்றாங்க என்பது. உலகத்துக் குழந்தைகள் வாயில் முதலில் வருகிற ஒலிகள் 'ம'வும் 'ப'வும்தான். அதை வைத்து இரண்டு மொழியை உறவாக்க முடியாது. இரண்டாவது, கி.பி. 48இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் போய் கிம் சுரோ அரசனைக் கட்டிய இளவரசி தமிழச்சி என்பது. அந்தக் கதை எழுத்தில் கிடைப்பது 13ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றில். ஆயுதா எது என்று இன்றுவரை சண்டைதான்.

ஆனால் சந்தேகமே இல்லாத தொடர்பு ஒன்று இருக்கு. 1950 ஜூனில் கொரிய யுத்தம் தொடங்கியதும் உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறியது. தேயிலையோடு இறப்பரும் வளர்கிற நம்ம மாவட்டத்துக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. பால் வெட்டின கைகளுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் நாட்டுக்கு வருமானம் வந்தது. பிறகு இறப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது. தட்டுப்பாடு முற்றியபோது இலங்கை 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது: வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. கொரியாவில் சீனப் படையோடு மோதிக்கொண்டிருந்த அமெரிக்கா, இதனால் இலங்கைக்கு உதவி தர மறுத்தது.

அதோடும் முடியவில்லை. 1953 ஜூலையில் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூட்டம் வைத்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அந்த ஜூலையில்தான் கொரியாவில் போர்நிறுத்தமும் வந்தது.

முகாம் மிச்சமும் தானமாக வந்த மாவும்

இப்போ மெனுவுக்குத் திரும்புவோம். 'புதே ஜிகே' என்று ஒரு குழம்பு இருக்கும். கிம்ச்சி, சொசேஜ், டின் இறைச்சி, சில கடைகளில் சீஸும் போட்டுக் கொதிக்கவைத்து நடு மேசையில் வைப்பார்கள். பெயரின் அர்த்தம் 'படைப்பிரிவுக் குழம்பு'. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க முகாம்களிலிருந்து மிச்சமாகவும் கள்ளமாகவும் வெளியே வந்த இறைச்சியில் பிறந்தது. சோல் நகரத்துக்கு வடக்கே முகாம்கள் நிறைந்த உய்ஜொங்பு அதற்குப் பேர்போன ஊர்.

அடுத்தது ராம்யன் நூடில்ஸ். கொரியாவின் முதல் ராம்யன் பக்கெட்டை சம்யாங் கம்பனி ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு 1963இல் வெளியிட்டது. அமெரிக்கா தன் உபரிக் கோதுமையை 1954ஆம் ஆண்டின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் ஏழை நாடுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கொரியாவில் அரிசி போதவில்லை. அதனால் பார்க் சுங்-ஹீ அரசாங்கம் மாச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. வாரத்தில் குறித்த நாட்களில் கடைகள் சோறு விற்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வெறும் அரிசிச் சோறா, வேறு தானியம் கலந்திருக்கா என்று பார்ப்பார். தெருவோரத் தொக்போக்கி அரிசி மாவிலிருந்து கோதுமை மாவுக்கு மாறியதும் இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு லயத்து அடுப்பு ஞாபகம் வரவில்லையா? கோதுமை இந்த நாட்டில் விளையாத பயிர். ஆனால் தோட்டத்து ரொட்டி கோதுமை ரொட்டி. தோட்டத்தில் அரிசியும் மாவும் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் கழிப்பார்கள். 1970களின் நடுவில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, இங்கே கூப்பன் அளவும் வெட்டப்பட்டபோது, ஆகக் கூடுதலாக அடிபட்டது தோட்டம்தான். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக உயரத்துக்குப் போனது. குடியுரிமை இல்லாத, வயல் இல்லாத மக்களுக்கு மா வராவிட்டால் வேறு வழி இருக்கவில்லை.

அந்த மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிப்பாகத் தட்டி, இடித்த சம்பலோடு சுருட்டிக் கொழுந்து மலைக்கு எடுத்துப்போனது நம்ம பாட்டிமாரின் கண்டுபிடிப்பு. ஒரு கை போதும், தட்டு வேண்டாம், மத்தியானம் வரை பசி தாங்கும். புதே ஜிகேக்கு இருக்கிற அதே புத்தி இதிலும் இருக்கு: கிடைத்ததை வைத்து ஆளைக் காப்பாற்றுவது.

எந்தப் பசிக்கு மரியாதை?

பிறகு ஏன் ஒன்று கண்ணாடி போட்ட கடையில் விற்குது, மற்றதைப் பாடசாலையில் சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குப் பின்னால் மறைத்துச் சாப்பிடுறோம்? ருசியில் இல்லை வித்தியாசம். தென் கொரியாவிடம் பிறகு காசும் வந்தது, அரசும் பின்னால் நின்றது. 2009இல் கொரியச் சாப்பாட்டை உலகமெங்கும் கொண்டுபோகும் திட்டத்தை அரசாங்கமே தொடங்கியது. கூட்டாக கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். நாடகம், பாட்டு, படம் எல்லாம் கூடவே வந்தது. வறுமையில் பிறந்த குழம்புக்கு அவர்கள் ஒரு கதை எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் நாம் பில் கட்டுறோம்.

அந்தக் கதையில் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். 2004இலிருந்து வேலை அனுமதி முறையின்கீழ் இலங்கையர் கொரியாவுக்குப் போகிறார்கள்: தொழிற்சாலை, மீன்பிடி, பண்ணை. நம்ம மாவட்டத்திலும் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. கிம்ச்சிக்கான கோவாவையும் மிளகாயையும் அங்கே பறிக்கிற கைகளில் பல ஏழை ஆசிய நாடுகளின் கைகள். 2020 டிசம்பர் கடுங்குளிரில், பொச்சோனில் பண்ணைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருந்த தங்குமிடத்தில் கம்போடியத் தொழிலாளிப் பெண் ஒருவர் இறந்து கிடந்தார். வெளிநாட்டுத் தொழிலாளிகள் தங்குகிற இடம் பற்றிக் கொரியாவில் பெரிய வாதம் எழுந்தது. லயத்தில் வளர்ந்த நமக்கு அந்த வாதம் புதிதில்லை.

கொரியன் கடைக்குப் போகாதீங்க என்று நாங்க சொல்ல வரவில்லை. போங்க, நல்லாச் சாப்பிடுங்க, அந்தச் சிவப்பு எப்ப வந்தது, அந்த மா எங்கேயிருந்து வந்தது என்று பக்கத்தில் இருக்கிறவருக்கும் சொல்லுங்க. ஆனால் கொரியர்கள் தங்கள் பசிக்காலத்தை எழுதி வைத்த மாதிரி நம்மகிட்ட ஒரு பக்கம்கூட இல்லாமல் போய்விடக்கூடாது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பாதையை 2023இல் திரும்ப நடந்து பார்த்தோமே, அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் அந்த வரலாறுதான்.

1974இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போ அறுபது தாண்டிவிட்டது. இந்த மாதம் வீட்டில் இருக்கிற அம்மாயி, தாத்தா யாரிடமாவது மூன்று கேள்வி கேளுங்க. அரிசி இல்லாத நாளில் எதைச் சாப்பிட்டீங்க? ரொட்டி மாவுக்குள் வேறென்ன கலந்தீங்க? பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நீங்க சாப்பிடாமல் இருந்த நாள் ஞாபகம் இருக்கா? பதிலை போனில் பதிந்து வையுங்க, தோட்டத்தின் பெயரையும் வருசத்தையும் மறக்காமல் சேர்த்து.