முள் சொல்வதும் குச்சி சொல்வதும்: ஒரு படகு டேங்க்கும் காவிரியும்

மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த அணை தேக்கி வைக்கிற தண்ணி தருமபுரி மாவட்டம் வரைக்கும் நீண்டு கிடக்கு. பென்னாகரம் பக்கம் நாகமரைன்னு ஒரு ஊர். நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. ரோட்டில் போனா பெரிய சுத்து. அதனால மக்கள் படகில் கடக்கிறாங்க. முன்னாடி பரிசல், இப்போ விசைப்படகு. டூ வீலரையும் ஏத்திக்கிட்டுப் போறவங்க உண்டு.

எஞ்சின் வந்துட்டா எரிபொருள் வரும். எரிபொருள் வந்தா ஒரு கேள்வியும் கூடவே வரும்: டேங்க்கில் எவ்வளவு மிச்சம் இருக்கு? பைக்கில் பெட்ரோல் தீர்ந்தா பங்க் வரைக்கும் தள்ளிட்டுப் போகலாம். நடுத்தண்ணியில் இறங்கித் தள்ள முடியாது. இன்னைக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குறேன். அது நம்மை நூறு வருஷக் காவிரி வரலாற்றுக்குள்ள கூட்டிட்டுப் போகும்.

முதல்ல ஃப்யூவல் கேஜ் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். டேங்க்குக்குள்ள ஒரு மிதவை இருக்கும். அது ஒரு கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும். எரிபொருள் ஏற ஏற மிதவையும் ஏறும், அதோட சேர்ந்து மின்தடை மாறும். டேஷ்போர்டில் இருக்கிற முள் அந்த மின்தடையைத்தான் காட்டுது. பரவலா இருக்கிற அமெரிக்க வகையில், காலி டேங்க்குக்கு 240 ஓம், நிறைஞ்ச டேங்க்குக்கு 33 ஓம். ஐரோப்பிய வகையில் தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒரு வகை மிதவையையும் இன்னொரு வகை முள்ளையும் சேர்த்து மாட்டினா, நிறைஞ்ச டேங்க்கை முள் காலின்னு காட்டும்.

படகில் இது கெட்டுப்போக நிறைய வழி இருக்கு. ஈரத்தில் எர்த் வயர் துருப்பிடிக்கும். மிதவையில் ஓட்டை விழுந்து மூழ்கும். அலையில் எரிபொருள் ஆட, முள்ளும் ஆடும். மெக்கானிக் செய்யும் முதல் சோதனை ரொம்ப எளிமையானது. அமெரிக்க வகைன்னா, கேஜுக்குப் பின்னால் மிதவை வயரைக் கழற்றினதும் முள் காலிக்குப் போகணும். அந்த முனையை எர்த்தில் தொட்டா நிறைவுக்குப் போகணும். ரெண்டும் நடந்தா கேஜ் நல்லா இருக்கு, கோளாறு வயரிலோ மிதவையிலோதான். இதை டேங்க் பக்கத்தில் செய்யக்கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

சரி, எல்லாத்தையும் மாத்தியாச்சு. முள் இப்போ உண்மை சொல்லுமா? சொல்லும், ஆனா உயரத்தைப் பத்தின உண்மையை. படகின் அடிப்பகுதி பெரும்பாலும் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி குறுகிப் போகும். அதுக்குள்ள பொருந்துற டேங்க்கும் கீழே குறுகி, மேலே அகலமா இருக்கலாம். அப்போ முள் பாதியில் நின்னாலும் எரிபொருள் பாதி இருக்காது, ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். இதுக்கு ஒரே வழி: காலி டேங்க்கில் பத்துப் பத்து லிட்டரா அளந்து ஊத்தணும். ஒவ்வொரு தடவையும் ஒரு குச்சியை விட்டு எடுத்து, நனைஞ்ச இடத்தில் கோடு போடணும். கோடுகள் சம இடைவெளியில் விழாது. கீழே தள்ளித் தள்ளி இருக்கும், மேலே போகப் போக நெருங்கும். அந்தக் குச்சிதான் அந்த டேங்க்கின் உண்மையான அட்டவணை.

வரலாற்று எபிசோடுல எதுக்கு இந்த மெக்கானிக் பாடம்? ஏன்னா நாகமரையில் அந்தப் படகுக்குக் கீழே கிடக்கிற நீர்த்தேக்கமும் அப்படி ஒரு டேங்க்தான்.

மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. நீர்மட்டம் 60 அடின்னு செய்தி வந்தா பாதி அணை இருக்குன்னு தோணும். உண்மையில் அப்போ இருப்பு சுமார் 25 டிஎம்சி, கால் பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். பள்ளத்தாக்கு கீழே குறுகலா, மேலே விரிவா இருக்கு. அதே ‘வி’ டேங்க் கதை. டெல்டா விவசாயி ‘எத்தனை அடி’ன்னு கேட்டதும் அடுத்து ‘எத்தனை டிஎம்சி’ன்னு கேட்கிறது இதனாலதான்.

இப்போ நூறு வருஷம் பின்னால போவோம். 1924-ல் மெட்ராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தம் போட்டாங்க. மைசூரில் கிருஷ்ணராஜ சாகரும், நம்ம பக்கம் மேட்டூரும் அந்த ஒப்பந்தத்தோட பிணைஞ்ச அணைகள். மேட்டூர் 1934-ல் கட்டி முடிஞ்சது. அந்த ஒப்பந்தத்தின் இணைப்பில், கிருஷ்ணராஜ சாகரில் எப்போ தண்ணி தேக்கலாம்னு விதிகள் இருக்கு. எனக்கு அதில் பிடிச்ச விஷயம், அந்த விதி எதை அலகா வச்சிருக்கு என்பதுதான். அது கன அடியில் பேசலை, அடியில் பேசுது. திருச்சி பக்கம் முக்கொம்பு மேலணையில் இருக்கிற ஒரு அளவுகோல், ஜூன் மாதத்தில் ஆறரை அடி காட்டுற அளவுக்குத் தண்ணி போய்ச் சேரணும். ஜனவரியில் மூணு அடி. அதை உறுதி செஞ்சபிறகுதான் மேலே தேக்கலாம்.

அதாவது ரெண்டு அரசுகளின் உரிமையை ஒரு அளவுக் கம்பத்தின் கோடுகளில் எழுதி வச்சாங்க. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம், கணக்குத் தெரியவேண்டாம். அது பெரிய வசதி. ஆனா ஆறரை அடி உயரத்தில் ஓடுற தண்ணி எவ்வளவுங்கிறது ஆத்துப் படுகையைப் பொறுத்தது. மணல் சேர்ந்தா உயரம் ஏறும், தண்ணி ஏறாது. மணல் அரிச்சுட்டுப் போனா உயரம் இறங்கும். கோடு அதே இடத்தில் இருக்கும், அது குறிக்கிற அளவு மாறிடும்.

1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தபோது மொழி மாறியிருந்தது: மேட்டூருக்கு வருஷத்துக்கு 205 டிஎம்சி வந்து சேரணும். அடி போய், அளவு வந்தாச்சு. 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு அளக்கும் இடத்தையும் மாத்தியது. ஒகேனக்கலுக்கு மேலே, எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. அதே வருஷம் ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைஞ்சது.

பிலிகுண்டுலுவில் அளக்கிறது தமிழ்நாடும் இல்லை, கர்நாடகமும் இல்லை. மத்திய நீர் ஆணையம். ஆத்தில் தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு கம்பத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இந்த மாதிரி நிலையங்களில் ஆத்தின் அகலத்தைப் பல துண்டாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு துண்டிலும் ஆழம் அளப்பாங்க. மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே, சின்னக் கிண்ணங்கள் சுத்துற ஒரு கருவியை இறக்கி, அது எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணி வேகத்தைக் கணக்குப் போடுவாங்க. அகலம், ஆழம், வேகம் மூணையும் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்டினா ஓட்டம் கிடைக்கும். பல நீர்மட்டங்களில் இதைச் செஞ்சு, ‘இந்த உயரத்துக்கு இவ்வளவு கன அடி’ன்னு ஒரு வளைகோடு வரைவாங்க. பத்துப் பத்து லிட்டரா ஊத்திக் கோடு போட்ட குச்சி ஞாபகம் வருதா? அதேதான். வெள்ளம் வந்து படுகை மாறினா திரும்பவும் அளக்கணும். அந்தச் சுத்துற கருவிக்கே ஒரு சோதனை உண்டு. அசையாத தண்ணித் தொட்டியில், தெரிஞ்ச வேகத்தில் அதை இழுத்துப் பார்ப்பாங்க. புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கிற மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் அதுக்கு வசதி இருக்கு.

இந்த அட்டவணை தப்பினா என்ன ஆகும்? 177.25-ல் வெறும் ஐந்து சதவீதம்னா கிட்டத்தட்ட 9 டிஎம்சி. 2018 தீர்ப்பில் பெங்களூரு குடிநீருக்குன்னு கூடுதலாக் கிடைச்சதே 4.75 டிஎம்சிதான்.

வேற ஒரு நாட்டிலிருந்து ஒரு உதாரணம். 1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடா விமானம் ஒன்றில் ஃப்யூவல் கேஜ் வேலை செய்யலை. குச்சி மாதிரியான ஒரு கருவியால் டேங்க்கில் கையால் அளந்தாங்க. அந்த அளவு சரி. ஆனா நாடு அப்போ பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிட்டிருந்த நேரம்; லிட்டரை எடையா மாத்தும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதிலா பவுண்டுக்கான எண்ணைப் போட்டாங்க. தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோட விமானம் ஏறி, வானத்தில் ரெண்டு எஞ்சினும் நின்னுபோச்சு. விமானிகள் அதைக் கிளைடர் மாதிரி ஓட்டி, கிம்லிங்கிற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினாங்க. 69 பேரும் பிழைச்சாங்க.

அங்கே குச்சி சரி, கணக்கு தப்பு. அதனாலதான் எனக்கு, காவிரிச் சண்டையை வெறும் ‘தண்ணி கொடு, கொடுக்க மாட்டேன்’னு பார்க்கிறது போதாதுன்னு தோணுது. நூறு வருஷமா நடந்ததில் ஒரு பாதி, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற ஒரு அளவைத் தேடினதுதான். மழை குறைஞ்ச வருஷத்தில் எந்த அட்டவணையும் தண்ணியை உண்டாக்காது. ஆனா வந்தது எவ்வளவுங்கிறதுலயே சண்டைன்னா, பங்கு பத்திப் பேசவே ஆரம்பிக்க முடியாது.

இதோட விளைவு தருமபுரியில் தினமும் தெரியும். நீர்வரத்து எண் ஏறினா, ஒகேனக்கலில் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும், அருவியில் குளிக்கத் தடை போடும். பரிசல் ஓட்டுறவருக்கு அந்த எண் அன்னைக்குக் கூலி உண்டா இல்லையாங்கிறதைச் சொல்லுது. பரிசலில் ஏறப்போற குடும்பத்துக்கு அதுவே உயிர்ப் பாதுகாப்பு.

அடுத்த தடவை ‘நீர்வரத்து விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி’ன்னு செய்தி கேட்டா, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. அப்படியே, அதை எங்கே அளந்தாங்க, யார் அளந்தாங்கன்னும் கேளுங்க.