காக்காய்க்கு இங்கே என்ன வேலை?

சின்ன மாமா கல்யாணப் பந்தியில் சரிந்து விழுந்த நாள் முதல் எங்கள் வீட்டில் காரணம் தேடும் படலம். பத்து வயதில் மாமரத்திலிருந்து விழுந்தாரே, அதுதான் என்றார் அம்மா. ராத்திரி ஷிப்டும் தூக்கமில்லாததும் என்றார் அத்தை. பாட்டி திருவாசிக்கு நேர்ந்துகொண்டாள். ஆளுக்கொரு காரணம், கூடவே ஆளுக்கொரு பெயர். அத்தைக்கு அது ‘ஃபிட்ஸ்’, அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். பந்தியில் இருந்தவர்களுக்குக் காக்காய் வலிப்பு. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தை மாமாவின் கையில் திணித்தார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் அடக்கிய பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

எனக்கு அந்தக் காக்காய் உறுத்தியது. கால், கை இரண்டும் இழுப்பதால் ‘கால்கை வலிப்பு’. அதுவே காக்கை வலிப்பாகி, பிறகு காக்காயாயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். ஒலியைப் பார்த்தால் பழுதில்லை. நிற்க ‘நிக்க’ ஆகிறது, விற்க ‘விக்க’ ஆகிறது. கால்கையும் காற்கையாகிக் காக்கை ஆகலாம். ஆனால் வரிசை இடிக்கிறது. பேச்சில் ‘கைகால் இழுத்துக்கிச்சு’ என்போமே தவிர, ‘கால்கை இழுத்துக்கிச்சு’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘காலைக் கையைப் பிடித்து’ என்று காலை முன்னால் வைப்பது கெஞ்சும்போதுதான். அதனால் காக்காய் பிடிப்பதற்கு அந்த விளக்கத்தை ஒப்புக்கொள்வேன்; வலிப்புக்கு அரைமனதோடுதான்.

பெயரின் மற்றப் பாதியான ‘வலிப்பி’ல் ஐயமே இல்லை. வலித்தல் என்றால் இழுத்தல். படகில் துடுப்பு வலிக்கிறோமே, அதே வலி. தசை இழுக்கிறது, அவ்வளவுதான். யார் இழுத்தார், ஏன் இழுத்தது என்பதற்குள் இந்தச் சொல் போவதில்லை.

வேறு பெயர்கள் போகின்றன. கிரேக்கரின் ‘எபிலெப்ஸியா’வுக்குப் பற்றிப் பிடித்தல் என்று பொருள், ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து ஆளைப் பிடிக்கிறது. தெய்வக் குற்றமல்ல, மூளையில்தான் காரணம் என்று ஹிப்போகிராட்டிஸ் பெயரால் வழங்கும் நூல் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டும், பெயர் மாறவில்லை. வடமொழியின் அபஸ்மாரம் நினைவு அகல்வதைச் சொல்கிறது. நடராசரின் காலடியில் கிடக்கும் குள்ளனுக்கும் அதே பெயர். தமிழில் அவன் முயலகன். அதுவும் நோயின் பெயராயிற்று. திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருவாசியில், கொல்லி மழவன் மகளுக்கு இருந்த முயலகன் நோயைச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். அங்குள்ள நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான். பாட்டியின் நேர்த்திக்கடனுக்கு அதுவே ஆதாரம்.

மருத்துவர் எங்கள் காரணங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தலையில் அடி, பக்கவாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், மரபணு, ரத்தத்தில் சர்க்கரையோ உப்போ குறைவது எனப் பலதும் இருக்கலாம் என்றார். உலகளவில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதே இல்லையாம். பிறகு கேட்டார்: “விழுறப்போ பக்கத்துல யாரு இருந்தீங்க? என்ன பாத்தீங்க?”

மாமாவுக்கு ஒன்றுமே நினைவில்லை. அம்மாவும் அத்தையும் அப்போது அடுக்களைப் பக்கம். பாட்டிதான் பார்த்திருக்கிறாள். “மொதல்ல வலது கட்டவிரல் வலிச்சுச்சுங்க. அப்புறம் கை. வாய் அந்தப் பக்கமாக் கோணுச்சு. அதுக்கப்புறந்தான் ஒடம்பு பூரா.” மருத்துவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். வலப்பக்கம் இழுத்தால் மூளையின் இடப்பக்கம் தேட வேண்டும்.

ஸ்கேனில் இடப்பக்கத்தில் ஒரு சிறு வளையம், நடுவே ஒரு புள்ளி. பன்றி நாடாப்புழுவின் கட்டி. இப்படிப்பட்ட ஒற்றைக் கட்டிகளை ஒருகாலத்தில் காசநோய்க் கட்டி என்றே எண்ணினார்கள். பல புழுக்கட்டிகளே என்று தெளிவுபடுத்தியதில் வேலூர் சி.எம்.சி.யின் வேதாந்தம் ராஜசேகர் குழுவினருக்குப் பெரும்பங்கு உண்டு. பல கட்டிகள் சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். வலிப்பு மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும்.

“நம்ம வீட்டுல பன்னிக்கறியா?” என்று பாட்டி கொதித்துவிட்டாள். கறியை அரைவேக்காட்டில் தின்றால் குடலில்தான் புழு வளரும். புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ கலந்து வயிற்றுக்குள் போனால்தான் மூளைவரை வரும், சைவக்காரருக்கும் வரும் என்று மருத்துவர் விளக்கினார்.

பாட்டி இப்போது கொத்தமல்லித்தழையை மூன்று தண்ணீரில் அலசுகிறாள். திருவாசிக்கும் நாள் பார்த்தாயிற்று.