மின்னோட்டத்தின் திசை: ஒரு மரபின் வரலாறு

மின்னோட்டம் மின்கலத்தின் நேர்முனையிலிருந்து புறப்பட்டுக் கம்பி வழியே எதிர்முனையை அடைவதாகவே பாடநூல்களும் மின்சுற்று வரைபடங்களும் இன்றளவும் காட்டுகின்றன. உலோகக் கம்பிக்குள் உண்மையில் நகர்கின்ற எலக்ட்ரான்களோ, அதாவது எதிர் மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களோ, இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. அணுவின் உள்ளமைப்பு அறியப்படாத காலத்தில் மேற்கொள்ளப்பட்ட ஒரு தேர்வே இம்முரணுக்குக் காரணமாகும்.

தேய்க்கப்பட்ட கண்ணாடியிலும் பிசின் வகைப் பொருள்களிலும் தோன்றும் மின்சாரம் இருவேறு வகையினது என்று பிரான்சு நாட்டின் டு ஃபே 1733இல் கண்டறிந்தார். 1747இல் பிலடெல்பியாவில் ஆய்வு நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்ளின், எல்லாப் பொருள்களிலும் ஒரே மின்பாய்மம் பரவியுள்ளது என்றும், அதன் மிகுதியும் குறைவுமே இரு வகைகளாகத் தோன்றுகின்றன என்றும் கருதி, தேய்த்த கண்ணாடியில் பாய்மம் மிகுந்திருப்பதாகக் கொண்டு அதனை நேர் மின்னூட்டம் என வகுத்தார். பாய்மம் எதிலிருந்து எதற்குச் சென்றது என்பதைச் சோதித்தறிய அன்று வழியேதும் இல்லை. 1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கு தொடர்ச்சியான மின்னோட்டத்தைத் தந்தது; பின்னர் 1820இல் ஆம்பியர் நேர் மின்சாரம் செல்லும் திசையையே மின்னோட்டத்தின் திசையாகக் கொண்டு தம் காந்தவியல் ஆய்வுகளை அமைத்ததால், இத்தேர்வு மரபாக நிலைபெற்றது.

காற்று பெரிதும் நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் எதிர்மின்வாயிலிருந்து வெளிப்படும் கேத்தோடு கதிர்களை 1897இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ந்த ஜே. ஜே. தாம்சன், அவற்றை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் விலகச் செய்து, அவை ஹைட்ரஜன் அணுவைவிடப் பன்மடங்கு இலேசான எதிர்மின் துகள்கள் என நிறுவினார். கம்பிக்குள் நகர்பவையும் அத்துகள்களே என்பதற்கான நேரடிச் சான்றை 1916இல் அமெரிக்காவின் டோல்மனும் ஸ்டீவர்ட்டும் அளித்தனர். விரைவாகச் சுழலும் கம்பிச்சுருளைச் சட்டென்று நிறுத்தியபோது, உள்ளிருந்த துகள்கள் நிலைமத்தால் சிறிது நேரம் முன்னோக்கி நகர்ந்து நுண்ணிய மின்துடிப்பை உண்டாக்கின. கால்வனாமீட்டர் காட்டிய அதன் திசை அவை எதிர்மின்னூட்டம் உடையவை என்பதை உணர்த்தியது.

மின்னோட்டத்தின்போது கம்பிக்குள் எலக்ட்ரான்களின் நகர்வு மிக மெதுவானது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது மின்புலத்தால் ஏற்படும் அவற்றின் சராசரி நகர்வு வேகம், வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் மட்டுமே. விளக்கு உடனே எரிவதோ, மின்புலம் கம்பி நெடுக ஒளியின் வேகத்தை ஒட்டிய விரைவில் பரவுவதால்தான்.

உண்மை தெளிந்த பின்னும் பழைய மரபு கைவிடப்படவில்லை. எதிர் மின்னூட்டம் இடப்புறம் நகர்வதும் அதே அளவு நேர் மின்னூட்டம் வலப்புறம் நகர்வதும் சுற்றுக் கணக்கில் ஒரே விளைவைத் தருகின்றன. மேலும், மின்பகுளிக் கரைசல்களில் இருவகை அயனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்வதால், எத்திசையைத் தேர்ந்தாலும் அது ஓர் உடன்பாடாகவே அமையும். ஃபிராங்க்ளினின் ஊகம் உலோகங்களுக்குப் பொருந்தாமற்போன பின்னும் அவர் வகுத்த குறியீடு ஓம், ஆம்பியர், ஃபாரடே ஆகியோரின் விதிகளை ஒரே கணக்குமொழியில் இணைத்து நிற்பதே அம்மரபின் வலிமையாகும்.