கோபால்ட்: குருதிக்கு உதவும் மற்றோர் உலோகம்

மலையகப் பெருந்தோட்டத் தாய்மாரின் குருதிச்சோகை பற்றிப் பேசும்போது நாம் இரும்புச்சத்தையே முதலில் நினைக்கின்றோம். அது சரியானதே. ஆயினும், குருதிக்கு மிகச் சிறிய அளவில் இன்றியமையாத மற்றோர் உலோகமும் உண்டு. அதுவே கோபால்ட். அதன் வரலாற்றையும் பயனையும் அறிந்துகொள்வது எமது உணவுத் தட்டைப் பற்றிச் சிந்திக்கவும் உதவும்.

கோபால்ட்டின் அணுவெண் 27. இரும்புக்கும் நிக்கலுக்கும் இடையே இடம்பெறும் இவ்வுலோகம் சாம்பல் கலந்த வெண்ணிறமானது, கடினமானது. 1,495 பாகை செல்சியஸிலேயே உருகும். இரும்பு 770 பாகையளவில் தன் காந்த இயல்பை இழந்துவிட, கோபால்ட் 1,100 பாகையைத் தாண்டியும் அதனைக் காத்து நிற்கின்றது. ஜேர்மனியச் சுரங்கத் தொழிலாளர், நச்சுப்புகை கக்கிய தாதுக்கற்களுக்குக் குறும்புப் பூதத்தின் பெயரையிட்டனர். அப்பெயரே உலோகத்துக்கும் நிலைத்தது. 1735ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஜோர்ஜ் பிராண்ட் இதனைத் தனி உலோகமாக இனங்கண்டார்.

எனினும், அதன் நீலத்தைக் கீழைத்தேயம் அதற்கு முன்பே அறிந்திருந்தது. பாரசீகத்தின் காஷான் நகரை அண்டிய கம்சார் மலைக்கிராமத்தில் கிடைத்த கோபால்ட் கல்லைக் கைவினைஞர் ‘சுலைமானி’ என அழைத்ததாக அபுல் காசிம் காஷானி 1301இல் எழுதினார். பள்ளிவாசல்களின் நீல ஓடுகளுக்கும் சீனத்து நீல வெள்ளைப் பீங்கானுக்கும் நிறம் தந்தது கோபால்ட்டே.

இன்று ஜெட் இயந்திரங்களின் உலோகக் கலவைகளிலும், நிலைக் காந்தங்களிலும், கைத்தொலைபேசி மற்றும் மின்வாகனப் பற்றரிகளிலும் இது பயன்படுகின்றது. உலகச் சுரங்க உற்பத்தியில் பெரும்பகுதி கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து கிடைக்கின்றது. அங்கு சிறுவர் உட்படப் பலர் ஆபத்தான குழிகளில் உழைப்பது உலகின் மனச்சாட்சியை உறுத்தும் விடயமாகும். கோபால்ட்-60 என்னும் கதிரியக்க வகை 1951ஆம் ஆண்டு முதல் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்பட்டு வந்துள்ளது.

மலையக மண்ணிலும் இதற்குப் பணியுண்டு. தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அத்தகைய மரங்களின் வேர்முடிச்சுகளில் வாழ்ந்து வளியின் நைதரசனை மண்ணுக்கு ஈட்டித்தரும் பற்றீரியாக்களுக்கு கோபால்ட் அவசியம். மேய்ச்சல் நிலத்தின் கதையும் இதுவே. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பசும்புல் மேய்ந்தும் கால்நடைகள் மெலிந்து மடிந்தன. மண்ணில் கோபால்ட் இல்லாமையே காரணம் என்பது 1930களில் தெளிவாயிற்று. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு விற்றமின் பி12ஐ உருவாக்குகின்றன. அம்பேவெலப் பண்ணைப் பசுவின் பாலில் அவ்விற்றமின் இருப்பதும் இவ்வாறே.

1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12இன் நடுவே அமர்ந்திருப்பது ஒரேயொரு கோபால்ட் அணு. அதன் கட்டமைப்பை 1956இல் வெளிப்படுத்திய டொரதி ஹொட்ஜ்கின் 1964இல் நோபல் பரிசு பெற்றார். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம் மாத்திரமே. ஆனால் அரிசியிலோ, கோதுமை மாவிலோ, கீரையிலோ, தேநீரிலோ அது இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவையே அதன் இயற்கை ஊற்றுகள்.

எமது கவலை இங்குதான் எழுகின்றது. காலையில் ரொட்டியும் வெறும் தேநீரும் உண்டு கொழுந்து பறிக்கச் செல்லும் தாயின் உணவில் இவற்றுக்கு எவ்வளவு இடமுண்டு? 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் பால்மாவின் விலை எகிறியபோது முதலில் குறைந்தது ஏழைக் குடும்பத்தின் பால்தான். மரக்கறி உணவை மட்டும் உண்ணும் குடும்பங்கள் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளித்தெரிய ஆண்டுகள் ஆகலாம். களைப்பு, கைகால் விறைப்பு, மறதி ஆகியன அதன் அறிகுறிகளாகலாம். தாயிடம் குறைபாடு இருப்பின் தாய்ப்பாலருந்தும் குழந்தையும் பாதிக்கப்படும்.

கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளை நிறுத்தாது உட்கொள்ள வேண்டும். ஆயினும் அவை பி12ஐ ஈடுசெய்யா. போலிக் அமிலம் குருதிச்சோகையைச் சீராக்கினாலும், பி12 குறைபாட்டால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்காது. எனவே சோகை நீடிப்பவர்களுக்கு பி12 பரிசோதனையும் தேவையா என மருத்துவரிடம் கேட்பது நன்று. கோபால்ட் உப்பை மருந்தென எண்ணி நேரடியாக உட்கொள்ளலாகாது. அளவு மிஞ்சினால் அது இதயத்தையே தாக்கும்.

ஒரு முட்டை, ஒரு பிடி நெத்தலிக் கருவாடு, ஒரு குவளைப் பால் ஆகியன தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டாத பொருட்களாக இருக்கலாகாது. நாட் சம்பளம் பற்றிய பேச்சுவார்த்தைகளில் அரிசி, மாவின் விலையுடன் இவற்றின் விலையும் கணக்கில் எடுக்கப்படல் வேண்டும்.