முப்பது பேர் ஓடிய ஓட்டம்

கப்பல் மூழ்கியதென்றால் புயலின்மேல் பழிபோடுவது நம் வழக்கம். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ப், போலந்துடன் போர் நடந்த காலத்தில் கட்டுவித்த 'வாசா' என்னும் போர்க்கப்பல் புயலைக் கண்டதேயில்லை. 1628 ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதும் ஒரு காற்றுவீச்சில் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்தது. சுமார் 30 பேர் மாண்டனர்.

இரண்டு தட்டுகளிலும் மேலுமாக 64 பீரங்கிகள், மேற்பாரம் மிகுதி. அடியில் இட்ட கற்பாரம் போதவில்லை. மேலும் இட்டாலோ அத்துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். தோணியில் சரக்கேற்றும் எவரும் அறிந்த கணக்குத்தான்.

இது முன்னரே தெரிந்திருந்தது என்பதே நம்மை உறுத்துகிறது. கப்பல் தலைவர் சோப்ரிங் ஹான்சன், கடற்படைத் துணைத்தளபதி கிளாஸ் பிளெமிங் பார்த்திருக்க, 30 பேரை மேல்தட்டில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடச்செய்தார். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் கவிழும்போல் ஆடிற்று. தளபதி ஓட்டத்தை நிறுத்தினார்; பயணத்தை நிறுத்தவில்லை. மன்னரோ போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்திக் கொண்டிருந்தார்.

விசாரணையில் எவரும் தண்டிக்கப்படவில்லை. கப்பலை வகுத்த ஹென்ரிக் ஹிபெர்ட்சன் 1627-லேயே இறந்துவிட்டார். 1961-இல் மீட்கப்பட்ட அக்கப்பலை இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் காணலாம்.