வெடியும் பதிவேடும்: ஊவா மலைநாட்டுப் பாறை தகர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஊவாவின் வரலாற்றைத் தேயிலையினூடாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்ற பாதைகள் பாறையைத் தகர்த்தே அமைக்கப்பட்டன என்பது பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைந்தது 1924இலேயாகும். இடைப்பட்ட முப்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பணமும் முதலாம் உலகப் போரும் காரணங்களாயினும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள செங்குத்தான மலையும் ஒரு காரணமெனலாம். பாதை வளைந்து சென்று தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாக மீளும் தெமோதரை அமைப்பு, பொறியியலாளரின் திறமைக்குச் சான்றாகப் போற்றப்படுகின்றது. அச் சுரங்கங்களுக்காக வெடித்த வெடிகளுக்கு இன்றைய பொருளிலான ஒரு பதிவேட்டை எதிர்பார்த்தல் பொருந்தாது. நிலவதிர்வை அளந்து வரையறை செய்யும் முறை அன்று வழக்கில் இருக்கவில்லை.

பதிவேடு என்பதன் ஆற்றலைத் தோட்ட மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. செக்றோலில் விழாத பேர், உழைத்த பேராகக் கொள்ளப்படுவதில்லை என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். வெடிப் பதிவேடும் அத்தகையதே. ஆயின், இங்கு எழுதுபவன் வேலை செய்விப்பவன். பாதிக்கப்படுபவன் வெளியே நிற்பவன்.

இப் பதிவேடு முழு வடிவம் பெற்ற ஓரிடம் அமெரிக்காவின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத் துறையாகும். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1983இல் திருத்தப்பெற்ற விதிகள், ஒவ்வொரு வெடிக்கும் தனிப் பதிவைக் கோரின: நாள், நேரம், வெடிப்பவரின் பெயர், அண்மையிலுள்ள வீட்டின் தூரமும் திசையும், வானிலை, துளைகளின் எண்ணிக்கை, ஆழம், இடைவெளி, எந்தவொரு 8 மில்லிசெக்கன் இடைவெளியிலும் வெடித்த மருந்தின் கூடிய நிறை. இறுதியாகக் கூறிய விவரமே உயிர்நாடியானது. மிக நெருங்கி வெடிக்கும் துளைகளின் அதிர்வலைகள் ஒன்றன்மேலொன்று ஏறி ஒரே அடியாக வீட்டைத் தாக்குகின்றன. சற்றுப் பிந்தி வெடித்தால் அவை பிரிந்து செல்லும். எனவே மொத்த மருந்தைவிட ஒரு கணத்தில் வெடிக்கும் மருந்தே அளக்கப்பட வேண்டியது.

அவ்விதிகளின்படி, வீடு 301 முதல் 5000 அடி தூரத்துக்குள் இருப்பின், அதன் தூரத்தை 55ஆல் வகுத்து வரும் எண்ணை வர்க்கமாக்கினால் அனுமதிக்கப்படும் இறாத்தல் கிடைக்கும். 550 அடியில் ஒரு லயன் இருப்பதாகக் கொள்வோம். 550ஐ 55ஆல் வகுக்க 10. அதன் வர்க்கம் 100. அதிர்வுமானி வைக்காத நிறுவனமொன்றின் பதிவில் 140 இறாத்தல் என்றிருந்தால், அங்கு மீறல் உண்டு. இக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை. ஆயின், 550 அடி என்று எழுதியவர் அண்மையிலிருந்த லயனை விட்டுத் தொலைவிலிருந்த பங்களாவுக்கு அளந்தாரா என்பதை நிலப்படம் கொண்டு பார்த்தல் வேண்டும். களஞ்சியத்திலிருந்து வெளியேறிய மருந்தின் கணக்கோடு பதிவுகளின் கூட்டுத்தொகையை ஒப்பிட வேண்டும். அதிர்வுமானி காட்டும் நேரமும் பதிவு காட்டும் நேரமும் ஒன்றாதல் வேண்டும். ஒரே பதிவேட்டைத் தனியே வாசிப்பது ஆய்வாகாது. இரு வேறு கைகள் எழுதியவற்றை ஒருங்கே வைத்து வாசிப்பதே ஆய்வு.

இலங்கையில் இக்கடமை பல சட்டங்களிடையே பகிரப்பட்டுள்ளது. வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்துக்கும், கல் அகழ்வு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியவளச் சட்டத்துக்கும், சுற்றாடல் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்துக்கும் உட்பட்டவை. ஒரு கற்குழியின் ஆவணங்கள் இவ்வாறு வெவ்வேறு அலுவலகங்களைச் சார்ந்து நிற்கின்றன.

ஊவாவில் இப்பிரச்சினை நாடறிந்த செய்தியானது உமா ஓயாத் திட்டத்தினாலாகும். 2008இல் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம், புஹுல்பொல, டயரபா அணைகளிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக நீரைக் கரந்தகொல்லவிலுள்ள நிலத்தடி மின்னிலையத்துக்குக் கொண்டுசெல்கிறது. 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் பிளந்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். வெடியே வீடுகளைப் பிளந்தது என்ற பேச்சு பரவலாக எழுந்தது. ஆயின் நெடுஞ்சுரங்கத்தின் பெரும் பகுதி துளைக்கும் இயந்திரத்தாலேயே குடையப்பட்டது. நிலத்தடி நீர் வடிந்தமையால் மண் அமிழ்ந்தமையே பிளவுகளுக்கு முதன்மைக் காரணமாகப் புவியியலாளர் பலரால் கொள்ளப்பட்டது. இதனால் மக்களின் முறையீடு பொய்யாகிவிடவில்லை என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். அதிர்வின் எல்லைக்குள் நின்ற ஒரு வேலையும் கிணற்றை வற்றச் செய்யும். நிபந்தனை எதனை அளக்கச் சொல்கிறதோ அதுவே அளக்கப்படுகிறது. நிலத்தடி நீர் பற்றிய முன்னாய்வு போதாதிருந்தது என்ற விமர்சனம் இவ்விடத்திலேயே வலுப்பெறுகின்றது. திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அதே 2014இல், ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியது. அது வெடியால் விளைந்ததன்று, மழையால் விளைந்தது. எனினும் அந்நிலம் அபாயமுடையது என்ற எச்சரிக்கை முன்னரே எழுத்தில் இருந்தது என்பதனாலேயே அதனை இங்கு குறிப்பிட நேர்கிறது.

லயன்களைப் பொறுத்தவரை மற்றுமொரு தடை உண்டு. வெடி தொடங்குமுன் சுவரின் நிலை பதியப்படாதவிடத்து, பின்னர் தோன்றிய பிளவு எதனால் வந்தது என்று நிறுவ இயலாது. பழைய பிளவென்று கூறிவிடுவது எளிது. நூறாண்டுச் சுவரில் பழைய பிளவுகளும் இல்லாமலில்லை. முற்கூறிய அமெரிக்க விதி, அரை மைலுக்குள் குடியிருப்போர் அல்லது உரிமையாளர் அனைவருக்கும், வெடி தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர், இம்முன்னாய்வைக் கோரும் வழியை எழுத்தில் அறிவிக்குமாறு பணிக்கிறது. ‘குடியிருப்போர்’ என்ற அச்சொல் கவனிக்கத்தக்கது. 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு பெற்றோர் நீங்கலாக, லயனில் வாழும் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தாம் வாழும் அறையின் உறுதி கையில் இல்லை. உரிமையாளருக்கு மட்டும் அனுப்பப்படும் அறிவித்தல் தோட்ட அலுவலகத்தில் நின்றுவிடும்; பிளவைக் காண்பவர் லயனில் இருப்பார்.